இருபது மடங்கு வேகம்

கிராபிக்ஸ் கார்டுகளின் உலகில் ஸ்லாவி சொல்வதே இறுதித் தீர்ப்பு. அப்படிச் சொன்னதும் ஸ்லாவிதான்.

"கணக்குப்படி இருபது மடங்கு வேகம் வரவேண்டும், வந்தது நத்தை வேகம். மிலென் விற்பது போலி!" என்று, மிலெனின் கணினிக் கடையில் வாங்கிய புதுக் கார்டைப் பற்றி அட்டவணை போட்டு இணையத்தில் எழுதினார். ப்ளோவ்டிவ் நகரமே அந்தக் கடையைக் கைகழுவியது.

இன்று மிலென் ரக்கியா மதுப் பாட்டிலோடு ஸ்லாவியின் வீட்டு வாசலில் நின்றான்.

"மன்னிச்சிடுண்ணே. நாளையோட கடைய மூடுறேன். உன் கார்டக் குடு, கம்பெனிக்காரன் மூஞ்சில வீசிட்டு வரேன்."

"விடுப்பா... அவனும் மனுஷன்தானே?" ஸ்லாவியால் மிலெனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்குப் பெரிய மனசுண்ணே!" மிலென் கண்கலங்கினான்.

இன்று காலையில் தூசி தட்டும்போதுதான் ஸ்லாவி பார்த்திருந்தார். திரைக்குப் போகும் வயரைக் கணினியின் பழைய துளையிலேயே விட்டிருந்தார். புதுக் கார்டில் செருகவே இல்லை; அது இத்தனை நாளும் சும்மாவே கிடந்தது.