ஹெல்கா சாப்பிடவில்லை

எலியின் சூடு முப்பத்தெட்டுப் பாகை. கண்ணாடிப் பெட்டியின் சூடான பக்கம் முப்பத்திரண்டு, குளிர்ந்த பக்கம் இருபத்தாறு. ஈரப்பதம் அறுபது விழுக்காடு. எல்லாம் சரி.

ஆனாலும் ஹெல்கா சாப்பிடவில்லை.

குமுதினி நீட்டிய இடுக்கியில் எலி தொங்கியது. பாம்பு தலையை அதன் பக்கம் கொண்டுவந்தது. நாக்கை இரண்டு தரம் வெளியே விட்டு எடுத்தது. பிறகு கழுத்தைப் பின்னால் இழுத்து, தன் சுருளுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமையாக இதே கதை.

ஜெர்மனியின் பான் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பது குமுதினியின் வேலை. பாகையில் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் பிடித்துவிடுவாள். இங்கே எந்தப் பிழையும் அகப்படவில்லை.

ஹெல்கா, ராஜ மலைப்பாம்பு என்று ஜெர்மன்காரர் சொல்லும் ஆப்பிரிக்கப் பாம்பு. மேல்மாடியில் இருந்தவன் வீட்டைக் காலி செய்தபோது, விளக்குக்கூட இல்லாத பெட்டியோடு அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். விலங்குக் காப்பகத்தில் இடமில்லை. வெப்பமானியோடு புழங்குகிற பெண் என்று தெரிந்ததும், நீங்களே பாருங்கள் என்று குமுதினியிடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது அதன் உடம்பில் பழைய சட்டைகள் மூன்று உரியாமல் ஒட்டிக் கிடந்தன. கண்ணுக்கு மேலும் ஒன்று.

ஈரப்பாசி நிறைத்த டப்பாவில் விட்டு, ஊறவைத்து, நாளுக்குக் கொஞ்சமாக உரிய வைத்தாள். ஐந்தாம் கிழமை கண் தெளிந்தது. கறுப்பாக, மினுங்கிக்கொண்டு. அடுத்த நாள் வேலையிடத்தில் அந்தக் கண்ணின் படத்தைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

ஆனால் எடை எண்ணூற்றுப் பத்துக் கிராமுக்கு இறங்கிவிட்டது. இனியும் சாப்பிடாவிட்டால் குழாய் விட்டு ஊட்ட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று விலங்கு வைத்தியர் வெரோனிக்கா சொல்லியிருந்தார். நாளைக் காலை எட்டரைக்கு வரச்சொல்லி டேர்மின் கொடுத்திருந்தார்.

கதவுக்கு வெளியே கணவர் தியாகராசாவின் குரல் கேட்டது.

"என்னவாம் உம்மட மகாராணி? இண்டைக்கும் விரதமோ?"

"பகிடி விடாமல் அங்கால போங்கோப்பா."

பாம்பு வந்த நாள் தொடங்கி அவர் அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. தன் குசினிக்குள் எலி வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் உறைய வைத்த எலிகள் நிலவறையில், தனிக் குளிர்பெட்டியில் கிடந்தன. சனிக்கிழமை மாலையில் ஒன்றை எடுத்து அங்கேயே இளக வைப்பாள். ஞாயிறு மத்தியானம் பையோடு எடுத்துவந்து சூடாக்குவாள்.

இதில் எங்கே பிழை?

குமுதினி முதலிலிருந்து யோசித்தாள். இது சாப்பாடு என்று பாம்புக்கு எப்படித் தெரிகிறது? உதட்டோரத்தில் வரிசையாக உள்ள சிறு குழிகள் சூட்டை உணர்கின்றன. சூடு பிடித்திருக்கிறது. அதனால்தான் தலையை நீட்டுகிறது. அடுத்தது நாக்கு. அது காற்றில் உள்ள மணத்தை ஒற்றியெடுத்து மேல்அண்ணத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அங்கேதான் தீர்ப்பு.

ஹெல்கா ஒவ்வொரு முறையும் நாக்கை விட்ட பிறகுதான் பின்வாங்கியிருக்கிறது.

மணத்தை அளக்க அவளிடம் கருவி இல்லை. மூக்கு இருந்தது. ஆனால் ஒன்பது கிழமையாக எலியைக் கையாளும்போதெல்லாம், அருவருப்பில், அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இடுக்கியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மோந்தாள்.

தேசிக்காய்.

தேசிக்காயும் மஞ்சளும்.

"இஞ்சேருங்கோ, இந்த எலியை ஆர் கழுவினது?"

தியாகராசா இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை செய்கிறவர். வீட்டில், எலுமிச்சையும் மஞ்சளும் போட்டுக் கழுவாத இறைச்சி அவர் கையால் எந்தச் சட்டிக்குள்ளும் போனதில்லை.

"நான்தான்," என்றார் கதவுக்கு அப்பால் நின்றபடி. "ஞாயிறு காலமை நீர் கோயிலுக்குப் போற நேரத்தில கெல்லருக்குள்ள இறங்கி, ஒவ்வொரு கிழமையும் வடிவாக் கழுவித் துடைச்சுப் பைக்குள்ள வைக்கிறனான். வருத்தக்காரச் சீவன். ஊத்தையோட குடுக்கேலுமே?"

குமுதினி அவரைத் தாண்டிக் கீழே ஓடினாள். இன்னோர் எலியை எடுத்துவந்து பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டாள். இளக இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்.

முப்பத்தெட்டுப் பாகை. இடுக்கி. தலை நீண்டது. நாக்கு ஒரே தரம்.

அடுத்த கணம் இடுக்கி வெறுமையாக இருந்தது. எலியைச் சுற்றி ஹெல்கா இறுகிக் கிடந்தது, இரண்டு சுற்று, மூன்று சுற்று. எண்ணூற்றுப் பத்துக் கிராமுக்குள் அவ்வளவு பலம்! குமுதினிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விளக்கில்லாத பெட்டியிலிருந்து வந்த பாம்பு இது.

திரும்பிப் பார்த்தாள். தியாகராசா அறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடுகிறதைக் குழப்பக்கூடாது என்று, பிராங்பேர்ட்டில் இருக்கும் தம்பி புவனேந்திரனோடு தொலைபேசியில் மிக மெதுவாகப் பேசினார்.

"எங்கட ஆள் சாப்பிடுறாள் தம்பி. ஓம், ஓம், முழுசா. இது விசயம் தெரிஞ்சு செய்யவேணும். எலியைக் கழுவப்படாது. அப்பிடியே குடுக்கவேணும்."