கீழுதட்டுப் புள்ளிகள்

சிறுகுடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த மறுவாரம், டாக்டரம்மா வேலாயுதத்தின் உதட்டுக் கரும்புள்ளிகளை உற்றுப் பார்த்தார்.

"இது பரம்பரையா வர்ற நோய்ங்க. குடல்ல சின்னச் சின்னக் கட்டியா வளந்து புற்றா மாறும். இந்தப் புள்ளிதான் அடையாளம். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். மகள் நிலவழகியைப் பார்த்து, "உதடு வரைக்கும் அப்பன உரிச்சு வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் பூரித்துப்போனவர் அவர்.

மாலையில் ஓடிவந்த மகள், கட்டிலில் ஏறி அவரை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அவர் கட்டைவிரலால் அவளுடைய கீழுதட்டைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"தேய்ச்சாப் போகாதுப்பா" என்று சிரித்தாள் அவள். "கிளாஸ்ல எல்லாரும் என்னதுன்னு கேட்டாங்க. எங்கப்பா குடுத்ததுன்னு சொன்னேன்."