லாரிக்கு அடியில் ஒரு தூளி

பந்தயக் கார்களை ஏற்றிப்போகும் அந்தக் காலத்து லாரியை முழ நீள உலோகப் பொம்மையாக வார்த்திருந்தார்கள். அதைக் கேமராவுக்குக் காட்டி, குணாளன் தன் சேனலுக்காக விமர்சனம் பேசிக்கொண்டிருந்தார். சிவப்புப் பூச்சிலும் மேலே நின்ற இரண்டு கார்களிலும் ஒரு குறை சொல்ல முடியாது. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடியில் ஒரு துணித்துணுக்கு கண்ணில் பட்டது.

“குப்பையைக்கூட எடுக்காம அனுப்பிட்டாங்க. இதுக்கு மார்க்கைக் குறைச்சே ஆகணும்” என்று இடுக்கியை எடுத்தார்.

“ஐயோ, பிச்சிடாதீங்க!” கேமராவுக்குப் பின்னால் நின்ற மனைவி செவ்வந்தி பதறினாள். “அது தூளிங்க. ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து, பந்தயம் நடக்கிறப்ப எங்கப்பா இப்படித்தான் லாரிக்கு அடியில தூளி கட்டித் தூங்குவாரு. எல்லாரும் காரைத்தான் போட்டோ புடிச்சாங்க. இதைச் செஞ்ச மகராசன் யாரோ, அவன் கை நல்லா இருக்கணும்.”

குணாளன் லாரியை மெல்ல நிமிர்த்தினார். தூளி நடுவில் கனத்துத் தொங்கியது. சக்கரம் சத்தம் போடாமல் மேசையில் இறக்கி வைத்தார். ஹாரனைப் பற்றிச் சொல்வது மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கிசுகிசுவென்று சொல்லி முடித்தார்.