கல்லுளிமங்கன்

"இன்னிக்கும் கையெழுத்து வாங்காம வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள வராதீங்க!"

மனைவி அடித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். புது ஃப்ளாட்டின் சமையலறைக்கு என்ன கலர் டைல்ஸ் என்பதுவரை அவள் முடிவு செய்தாயிற்று.

தெரு முழுக்க அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. மிச்சம் இருப்பது மூன்று பழைய வீடுகள். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்கிறார் பில்டர். நானும் கோடி வீட்டுக்காரரும் எப்போதோ தலையாட்டிவிட்டோம்.

நடு வீட்டுக்காரர்தான் மசியவில்லை. காரணமும் சொல்ல மாட்டார். கல்லுளிமங்கன்! தெருவே அவருக்கு வைத்த பெயர் அது. விலையை ஏற்றத்தான் இந்த நாடகம் என்பது குழந்தைக்குக்கூடப் புரியும்.

வாசலில் அவருடைய மாடி டெனன்ட் எதிர்ப்பட்டார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தனிக்கட்டை. கண் பார்வை கிடையாது. வாய்க்கு மட்டும் குறைவே கிடையாது. விறுவிறுவென்று படியிறங்கி முனைக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், செருப்புச் சத்தமே கோபமா இருக்கு? கல்லுளிமங்கனைப் பாக்கவா?"

"ஆமா சார்."

"நல்லா நாக்கைப் பிடுங்கற மாதிரி கேளுங்க! முப்பது வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒரு பேராசைக்காரனைப் பார்த்ததில்ல. இன்னொருத்தருக்கு இடைஞ்சல்னு தெரிஞ்சா நானெல்லாம் ஒரு நிமிஷம் இருப்பேனா? மனுஷனுக்கு ரோஷம் வேணாம்?"

உள்ளே போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"இன்னும் எவ்வளவுதான் சார் வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க! தெருவே உங்களைக் காறித் துப்புது. உங்க டெனன்ட்டே துப்புறார்!"

அவர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டெனன்ட் தெருமுனை திரும்பும்வரை பேசவே இல்லை.

"பில்டர் சொன்ன விலையே எனக்கு அதிகம் சார். இடிச்சுக் கட்டினா நான் ஃப்ளாட்ல ஜம்முனு இருப்பேன். அவர் எங்க போவார்? கடை, பஸ் ஸ்டாப், டாக்டர்னு எல்லா இடத்துக்கும் தனியாப் போய்ட்டு வர்றார். இந்தப் படியும் இந்தத் தெருவும் அவருக்கு அத்துப்படி. இந்த வயசுல புது இடத்துல கொண்டுபோய் விட்டா, வாசல் தாண்டவே ஒருத்தர் கையைப் பிடிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது.

"இதை அவர்கிட்ட சொல்லலாம்ல? அவர்தானே சார் உங்களை அதிகமா திட்றார்?"

"சொன்னா அன்னிக்கே காலி பண்ணிட்டுப் போய்டுவார். திட்டிட்டுப் போகட்டும், விடுங்க."

வெட்கத்தோடு வெளியே வந்தேன். டெனன்ட்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடி காலியாகிவிடும். கையெழுத்தும் தானாக வந்துவிடும்.

அவரும் ரொட்டிப் பாக்கெட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"என்ன சார், போட்டானா?"

"எங்க சார்! இன்னும் விலை ஏத்தணுமாம்" என்றேன். "சரியான பேராசை பிடிச்ச மனுஷன்!"