காதில் வளையம் போட்டவன்

அவன் இன்றைக்கும் டிராமில் இருந்தான். பின்கதவை ஒட்டி, காதில் வெள்ளி வளையம் ஆட நின்றுகொண்டு, டெலேனியின் கையையே பார்த்தான்.

டெலேனி மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. பத்து மணிக்குக் குடியேற்ற அலுவலகத்தில் அதைக் காட்டினால்தான் இந்த செமஸ்டர் முழுக்க புடாபெஸ்டில் தங்கிப் படிக்க முடியும்.

அறைத்தோழி கோர்ட்னிக்கு அது வாய்க்கவில்லை. வந்த முதல் வாரமே டிராமில் யாரோ அவள் பையை அறுத்துப் பாஸ்போர்ட்டை அடித்துவிட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு அவள் ஒஹாயோவுக்கே திரும்பிப் போனாள்.

டெலேனி அப்படி அசட்டையாக இருக்கிறவள் இல்லை. எல்லாவற்றிலும் ஒழுங்கு. பத்து டிக்கெட் கொண்ட கட்டாக வாங்கி வைத்திருந்தாள். ஏறியதும் அதிலிருந்து ஒன்றைக் கிழித்தெடுத்து, இறங்கும்வரை விரலிடுக்கிலேயே பிடித்திருப்பாள். இறங்கியதும் குப்பைத்தொட்டியைத் தேடிப் போய்ப் போடுவாள்.

திங்கட்கிழமை அவன் கதவோரம் இருந்த ஆரஞ்சு நிறப் பெட்டியைத் தட்டித் தட்டி அவளைப் பார்த்துத் தலையாட்டினான். செவ்வாய்க்கிழமை விரலை வளைத்துக் கூப்பிட்டான். கதவுப்பக்கம் வரவழைத்துப் பறித்துக்கொண்டு, கதவு மூடுவதற்குள் குதித்து ஓடுவதுதான் டிராம் திருடர்களின் வித்தை என்று கோர்ட்னி சொல்லியிருந்தாள்.

பாலத்தைத் தாண்டி டிராம் சந்தைக் கட்டடத்தின் முன்னால் நின்றது. துணிப்பையும் கையுமாக ஓர் அம்மாள் ஏறினாள். அவள் தலையைக் கண்டதுமே வளையக்காரன் அவசரமாக ஒரு காகிதத்தை ஆரஞ்சுப் பெட்டிக்குள் செருகினான். பெட்டி 'டக்' என்றது.

அந்த அம்மாளின் பெயர் பிரோஷ்கா. இரண்டு நாளாகப் பார்த்துச் சிரித்துப் பழக்கம். இன்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய துணிப்பையிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமை பச்சைப்பசேலென்று இருந்த, சிவப்பு நாடா கட்டிய அதே கட்டுதான். இன்று நுனியெல்லாம் மஞ்சளடித்துத் தொங்கியது. பாவம், சமைத்துப் போட வீட்டில் ஆளில்லை போல என்று டெலேனி நினைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அடுத்த ஸ்டாப்புல எறங்கலையா தங்கம்?" தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷை மென்று மென்று கேட்டாள் பிரோஷ்கா. தினமும் டெலேனியின் கல்லூரி அடுத்த நிறுத்தத்தோடு வந்துவிடும்.

"இல்ல ஆன்ட்டி. இன்னிக்குக் கடைசி வரைக்கும் போறேன்."

"நல்லதாப் போச்சு" என்று அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, உப்புத் தூவிய போகாச்சா என்ற குட்டி ரொட்டி ஒன்றை எடுத்து டெலேனியின் கையில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. வாயில் போட்டதும் கரைந்தது.

மூன்று வாரமாக யாரும் இப்படி ஒரு வாய் கொடுத்ததில்லை. டெலேனி கண் கலங்கிப்போய், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோர்ட்னியின் கதை, பைக்குள் இருக்கும் பாஸ்போர்ட், பத்து மணி அலுவலகம், வளையக்காரன்.

பிரோஷ்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவனா? ரெண்டு வருஷமா அந்த மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருக்கேன். பைய என் பக்கமா வச்சுக்கோ. என்னத் தாண்டி எவன் வந்துருவான்?"

அவன் வந்தேவிட்டான். அவர்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ கெஞ்சுகிற மாதிரி சொல்லிக்கொண்டே, டெலேனியின் விரலிடுக்கில் இருந்த டிக்கெட்டைப் பிடித்துக் கதவுப்பக்கம் இழுத்தான். அவள் வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பையின்மேல் கவிழ்ந்துவிட்டாள்.

பிரோஷ்கா குரலை உயர்த்தக்கூட இல்லை. பல்லைக் கடித்து நாலு வார்த்தை சொன்னாள். அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டுப் பின்வாங்கினான். வெட்டக் கொண்டுபோகும் ஆட்டைப் பார்ப்பதுபோல் டெலேனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான்.

கதவு மூடியது. டெலேனிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இந்த உதவியை மறக்கவே மாட்டேன் என்று பிரோஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரோஷ்கா மெதுவாகக் கையை விடுவித்தாள். மடியில் சிந்திய துணுக்குகளைத் தட்டிவிட்டாள். பிறகு வெங்காயத்தாளுக்கு அடியில் துழாவி, ஒரு பட்டையை எடுத்துத் தன் புஜத்தில் மாட்டினாள். அதிலே ஓர் எண்ணும் டிராம் கம்பெனியின் முத்திரையும் இருந்தன. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் சட்டைப்பையில் கைவிட்டார்கள்.

"டிக்கெட்டக் காட்டு தங்கம்."

டெலேனி பெருமையாகவே நீட்டினாள். பிரோஷ்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டையக் காணமே. ஏறினதும் அந்தப் பெட்டியில குடுத்துக் குத்தணும். குத்தாத டிக்கெட்டு இங்க வெறும் காயிதம்."

டெலேனி கதவோரத்துப் பெட்டியைப் பார்த்தாள். திங்கட்கிழமை அவன் தட்டித் தட்டிக் காட்டிய அதே பெட்டி.

"அப்போ அவரு..."

"அவனா? அவனாலதான் என் பொழப்பே கெடுது. முழிக்கிறவங்களக் கண்டாப் போதும், நான் பக்கத்துல போறதுக்குள்ள சொல்லிக் குடுத்துருவான்."

பிரோஷ்கா அபராதச் சீட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பேனா முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். எழுத ஒரு பெயர் வேண்டும்.

"அழாத தங்கம். பத்திரமா வச்சிருக்கியே, அந்தப் பாஸ்போர்ட்ட எடு."