டீசல் கஞ்சன்

ஹெட்போனுக்குள் அண்ணனின் படகு இருமியது.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தப்பாகக் கேட்டிருக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். தப்பில்லை. இரண்டு இருமல், ஒரு விக்கல். அந்தக் கிழட்டு எஞ்சின் அண்ணனைத் தவிர வேறு யார் கை பட்டாலும் அணைந்துவிடும்.

நீரிணையை முற்றுகையிட்டு நின்ற எதிரிக் கப்பல்கள் போன வாரம் அவனைப் படகோடு பிடித்துக்கொண்டு போயிருந்தன.

சன்னலுக்கு வெளியே பகலையே விழுங்கிய மூடுபனி. தண்ணீருக்கடியில் கண்ணிவெடிகள். கடலுக்குள் கேட்கும் சத்தத்தைச் சொல்வது அவள் வேலை; பொத்தானை அழுத்துவது அதிகாரியின் வேலை. காவல் அறைக்குப் பின்னால் ஊர். ஊருக்குள் அண்ணனின் குழந்தைகள்.

"யாரும்மா வர்றது? நம்ம ஆளா?"

அதிகாரியின் விரல் பொத்தான் மேல் இருந்தது. பிடித்த படகுகளிலேயே சிப்பாய்களை ஒளித்து அனுப்புகிறான் எதிரி. பக்கத்துக் காவல் அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

"முனைக்கு வரட்டும், சார்."

நீரிணையின் முனைக்கு வந்ததும் இந்தக் கரைப் படகுக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். மிச்ச தூரத்துக்கு நீரோட்டமே இழுத்து வந்துவிடும். எஞ்சின் நின்றால் நம்மவர். நிற்காவிட்டால் வெடி.

அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொன்னவன் அண்ணன்தான். "கடலே ஓசியில இழுத்துட்டுப் போகுது. டீசலைக் கொட்ட நான் என்ன மந்திரி வீட்டு மருமகனா?" என்பான்.

படகு முனையை நெருங்கியது.

அணைச்சிடு அண்ணா. அணைச்சிடு.

எஞ்சின் தணிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுகணம் அது முழு வேகத்தில் அலறியது.

மறந்துவிட்டானோ? டீசல் விஷயத்தில் மறக்கிறவனா அவன்? இந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும்.

"நின்னுச்சா?"

நின்னுடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளைத் தவிர வேறு யார் காதிலும் எஞ்சின் சத்தம் விழவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்தாள்.

"நிக்கல, சார்."

"அப்ப ஹெட்போனைக் கழட்டிடும்மா. காது போயிடும்."

அவள் கழற்றவில்லை.