செங்கமலத்தின் தருமம்

நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற செங்கமலம், கைக்கு வந்த பணத்தில் பாதியைத் தருமத்துக்கென்று ஒதுக்கினாள். செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆள்மாற்றி ஆள் வந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் வேலாயுதம் புதுக் கோபுரத்தின் படத்தை விரித்துக் காட்டினார். முதியோர் இல்லத்தார் பளிங்குக் கல்லில் பெயர் வெட்டுவதாகச் சொன்னார்கள். எல்லாமே நல்ல காரியங்களாகத்தான் தெரிந்தன. யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் ஒரு மாதம் குழம்பிக் கிடந்தாள்.

ஒருநாள் மத்தியானம் பேருந்து நிலையத்தில், தன் இடத்துக்கு வந்திருந்த புது நடத்துநர் பெண்ணைப் பார்த்தாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. செங்கமலம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாங்க்கா. குடிச்சுட்டு எங்க ஒதுங்குறது?"

இருபத்திரண்டு வருடம் தானும் அப்படி அடக்கிக்கொண்டே டிக்கெட் கொடுத்தது செங்கமலத்துக்கு நினைவுக்கு வந்தது. நேராக வேலாயுதத்திடம் போனாள்.

"பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டப் போறேங்க."

"சாமி காரியத்த விட்டுட்டுக் கக்கூஸா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டுங்க. அடக்கிட்டு நின்னவளுக்குத்தான் தெரியும்."

நகராட்சிக்கு நடையாய் நடந்து, அனுமதி வாங்கி, ஆறே மாதத்தில் கட்டி முடித்தாள்.

திறந்த அன்று காலை, வந்து நின்ற பேருந்திலிருந்து பெண்கள் இறங்கி வரிசை கட்டினார்கள். பூக்காரி, கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தைக்காரி, கடைசியாக அந்த நடத்துநர் பெண். நேரமாகிறதென்று ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

செங்கமலம் பேருந்துக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"இருய்யா! எல்லாரும் வரட்டும்."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.